தாய்மாமன் மடி: செஞ்சியில் மூன்று நாள்

வெள்ளி, காலை 6.10

கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை வண்டி கிளம்பியபோது பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. செஞ்சிக்கு டிக்கெட் நூற்று இருபது ரூபாய். தூரமும் ஏறக்குறைய நூற்று இருபது கிலோமீட்டர்தான்.

என் பையில் இரண்டு மாற்று உடைகள், ஒரு குறிப்பேடு, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு துணிப் பொட்டலம். பொட்டலத்தைக் கொடுத்தவர் ஏழுமலை. ராணுவத்தில் நாயக். சொந்த ஊர் செஞ்சியை ஒட்டிய சிங்கவரம். இரண்டு மாதத்துக்கு முன்பு, நான் வேலை பார்க்கும் நாளிதழுக்காக வடகிழக்கில் ஓர் எல்லை மாநிலத்துக்குப் போயிருந்தேன். மாநிலத்தின் பெயரையும் படைப்பிரிவின் பெயரையும் எழுதுவதில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் உள்நாட்டுப் போர். இந்தப் பக்கம், தலைமுறைகளாக ஒரே சந்தையில் வாங்கி விற்ற இரண்டு சமூகத்தார் ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால் வைக்க முடியாமல் பிரிந்து கிடக்கிறார்கள். நடுவில் சில கிலோமீட்டர் சாலை யாருக்கும் சொந்தமில்லை. ஏழுமலையின் சாவடி அந்தச் சாலையில் இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து முட்டைகோஸ் ஏற்றி வரும் லாரியை ஓட்டுநர் அங்கே நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்வார். இரண்டு சமூகத்தையும் சேராத வேறொருவர் ஏறி மறுபக்கம் கொண்டுபோவார். ஏழுமலையும் அவருடைய ஆட்களும் கூடவே போய்விட்டுத் திரும்பி வருவார்கள். ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை.

என் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் தமிழில் கேட்டார்: “செஞ்சிக் கோட்ட பாத்திருக்கீங்களா மேடம்?”

பார்த்ததில்லை என்றேன்.

“சென்னைல இருந்துக்கினு கோட்டயப் பாக்காம இம்மாந்தூரம் வந்துட்டீங்க” என்று சிரித்தார். பிறகு அவர் தங்கை மகளின் காதணி விழாவுக்கு அழைத்தார். குழந்தை யாழினிக்கு மூன்று வயது. முதல் வயதில் நடந்திருக்க வேண்டியது. அவருக்கு விடுப்பு கிடைக்காததால் இரண்டு முறை தள்ளிப்போனது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். யாழினிக்கு இருப்பது ஒரே தாய்மாமன்.

கிளம்பும் நாளில் பொட்டலத்தைக் கொடுத்தார். “இத விழா அன்னிக்குக் குடுங்க மேடம். முன்னாடியே குடுத்துடாதீங்க. குடுத்தா, நான் வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் அனுப்பிட்டேன்னு என் வீட்டுக்காரி நெனச்சிக்குவா.”

“வருவீங்களா?”

“லீவ் சேங்ஷன் ஆயிடுச்சு மேடம்” என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

காலை 9.25

திண்டிவனம் தாண்டி இருபத்தெட்டு கிலோமீட்டர். சாலையின் இரு பக்கமும் வயல்களுக்கு நடுவே பாறைக் குன்றுகள் வரத் தொடங்கும். யாரோ கொட்டிவிட்டு எடுக்க மறந்த ஜல்லிபோல, பெரியதும் சிறியதுமாக உருண்டைக் கற்கள் குவிந்த குன்றுகள். செஞ்சியை நெருங்கும்போது அவற்றில் ஒன்றின் உச்சியில் மதில் தெரிந்தது. பக்கத்து இருக்கைப் பெண், “அதான் ராஜகிரி” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எதிரே ஏழுமலையைப் பார்த்தேன்.

பதினைந்து அடி உயர ஃப்ளெக்ஸில் இருந்தார். சீருடை, தொப்பி, நேராகப் பார்க்கும் முகம். பின்னால் தேசியக் கொடி. இரண்டு பக்கமும் எரியும் விளக்குகள். மேலே வலது மூலையில் பறக்கும் ஒரு வெள்ளைப் புறா. அடிப்பகுதியைக் கரும்புச்சாறு வண்டியின் குடை மறைத்திருந்தது.

இந்த மாவட்டங்களில் சீருடைப் படத்தோடு ஒரு சிப்பாயின் ஃப்ளெக்ஸ் எதற்கு வைக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். பையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பிறகு சாலையைக் கடந்து குடையைச் சுற்றிப் போய் கீழே இருந்ததைப் படித்தேன். “எங்கள் இல்லக் குலவிளக்கு யாழினி காதணி விழா, மேல்மலையனூர் ஸ்ரீ அங்காளம்மன் ஆலயம். அன்புடன் அழைக்கும் பெற்றோர்.” படத்துக்கு மேலே, கொடியின் காவிப் பட்டையில் கொஞ்சம் கரைந்துபோன எழுத்துகளில், “தாய்நாடு காக்கும் எங்கள் தாய்மாமன்.”

கரும்புச்சாறு ஒரு டம்ளர் இருபது ரூபாய். வாங்கிக் குடித்தேன்.

காலை 10.15

சிங்கவரத்துக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். ஏழுமலையின் வீடு ஊரின் கிழக்குக் கோடியில், இரண்டு அறையுள்ள தளம் போட்ட வீடு. வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அதைக் காலால் துழாவிக் கிளறிக்கொண்டிருந்தவர் ஏழுமலையின் மனைவி கலையரசி. முப்பது வயது இருக்கும். ஒன்றரை ஏக்கரை அவரே பார்க்கிறார். மோட்டார், உரம், கூலி ஆள், சொசைட்டி, மாமனாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அவர் பொறுப்பு.

“வாக்கா. அவரு சொன்னாரு, பேப்பர்ல இருக்கறவங்க, ஒல்லியா இருப்பாங்க, நிறையக் கேள்வி கேப்பாங்கன்னு.” என் பையை வாங்கிக்கொண்டார். “அங்க எப்பிடி இருந்தாரு? நெஜத்தச் சொல்லு. என்கிட்ட எல்லாத்துக்கும் ‘ஓகே, ஓகே’ன்னு சொல்லிடுவாரு.”

“நல்லா இருந்தார். கொஞ்சம் இளைச்சிருந்தார்.”

“அங்க சோறு ஒட்டிக்குமாம். பிடிக்கலன்னுவாரு.”

ஏழுமலை வழக்கமாகப் புதன், ஞாயிறு இரண்டு நாளும் மாலை ஏழு மணிக்குப் பேசுவார். சாவடியில் அலைபேசி எடுக்காது. பக்கத்து மேட்டில் ஏற வேண்டும். போன ஞாயிறு பேசவில்லை. புதனும் பேசவில்லை. வியாழக்கிழமை புறப்பட்டுவிடுவதாகவும், ரயில் ஏறும் முன் கூப்பிடுவதாகவும் கடைசியாகச் சொல்லியிருந்தார். காதணி விழா ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை.

“ட்ரெய்ன்ல இருந்தா டவர் கெடைக்காது இல்லக்கா?” என்றார் கலையரசி.

“நடுநடுவே கிடைக்காது.”

“அதான்” என்று சொல்லிவிட்டு மல்லாட்டையைக் கிளறப் போனார்.

ஃப்ளெக்ஸைப் பார்த்து நான் நின்றதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாலை 4.00

கோட்டை ஊரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை ஒரே மதிலால் இணைத்திருக்கிறார்கள். உச்சிக்குப் போக நேரமில்லை. கலையரசியும் நானும் அடிவாரத்தில் கல்யாண மகால் வரை போனோம். எட்டு மாடி, மேலே போகப் போகச் சிறுத்துக் கூம்பாக முடிகிறது. பக்கத்திலேயே தானியக் களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், யானைக் குளம். மகாலைச் சுற்றி நீளமாக ஓடும் அறைகள் படைவீரர்கள் தங்கிய இடம் என்று சொல்கிறார்கள். ஓர் அறையில் இருவர் படுத்தால் மூன்றாவது ஆள் உட்கார்ந்துதான் தூங்க வேண்டும்.

கலையரசி ஒவ்வோர் அறையாகத் தலையை நீட்டிப் பார்த்தார்.

“ராணுவத்தாள எங்க தங்கவச்சாங்க, குதிரய எங்க கட்னாங்க, நெல்ல எங்க கொட்னாங்க, எல்லாத்துக்கும் எடம் இருக்குது. அவங்க பொண்டாட்டிங்க எங்கக்கா இருந்தாங்க?”



“சிங்கவரத்துல இருந்திருப்பாங்க” என்று அவரே பதில் சொல்லிக்கொண்டார். “மல்லாட்ட புடுங்கிக்கினு.”

மல்லாட்டை இந்த நாட்டுக்கு வந்தது கோட்டைக்குப் பிறகு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்று ஏழு மணிக்கு அலைபேசி ஜன்னலோரம் அரிசி டிரம்மின் மேல் இருந்தது. வீட்டில் அந்த இடத்தில்தான் நன்றாக எடுக்குமாம். வெள்ளிக்கிழமை அவர் பேசும் நாள் இல்லை. இருந்தாலும் அரை மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் சத்தமாகப் பேசவில்லை.

சனி, காலை 8.20

ஏழுமலையின் தங்கை சுமதியும் அவர் கணவர் முருகனும் குழந்தை யாழினியோடு முந்தின இரவே செஞ்சியிலிருந்து வந்துவிட்டார்கள். முருகன் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறார். கனத்த உடம்பு, கனத்த குரல். வந்ததிலிருந்து தேங்காய், வாழைப்பழம், சமையல் பாத்திரம் என்று ஏதாவது ஒன்றை ஏற்றிக்கொண்டோ இறக்கிக்கொண்டோ இருந்தார்.

கலையரசி மல்லாட்டையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். நான் தூணில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மொபெட் வந்து நின்றது. அறுபதைத் தாண்டிய ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, நன்றாகத் தேய்த்த காக்கிப் பேன்ட், சட்டையில் வரிசையாக நாலு பதக்கம். மொபெட்டின் முன்னால் தொங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து பெரிய சாமந்தி மாலையை எடுத்தார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நடையை எண்ணி வைப்பவர்போல வாசல் வரை வந்து நின்றார்.

கலையரசி மாலையைப் பார்த்தார், பதக்கங்களைப் பார்த்தார். கையிலிருந்த முறம் கீழே விழவில்லை. அதைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு மல்லாட்டைமேலேயே உட்கார்ந்தார்.

“எப்போ?” என்று கேட்டார்.

வந்தவர் தடுமாறினார். “அம்மா, அதக் கேக்கத்தாம்மா நானே வந்தேன். பாடி எப்போ வருதுன்னு.”

உள்ளேயிருந்து சுமதி, “அண்ணி!” என்று ஓடிவந்தார். மாலையைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, அண்ணா” என்று அலறத் தொடங்கினார். குழந்தையும் சேர்ந்துகொண்டது.

நான் எழுந்து அந்தப் பெரியவரிடம் போனேன். “ஐயா, உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரு சொல்லணும்? செஞ்சி பஸ் ஸ்டாண்ட்ல படம் வச்சிருக்குதே. நேத்து சாயங்காலம் பஸ்ல போறப்போ பாத்தேன். நான் ரிட்டையர்டு சுபேதார், மேல்சித்தாமூரு. நம்ம மில்ட்ரி ஆளு ஒருத்தன் போயிட்டான், போவாம இருந்தா மரியாத இல்லன்னு, யாரு வீட்டுப் புள்ளன்னு விசாரிச்சிக்கினு வந்தேன்.”

“படத்துக்குக் கீழே படிச்சீங்களா?”

“கொட மறச்சிக்கினு இருந்துச்சு. படிக்கறதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்.”

“அது காதணி விழா ஃப்ளெக்ஸ் ஐயா.”

அவர் மாலையைப் பார்த்தார். பிறகு தன் சட்டையில் இருந்த பதக்கங்களைப் பார்த்தார். எந்தத் தகவலும் இல்லாத வீட்டில் தகவல் சொல்லப்பட்டுவிட்டது என்பது மெதுவாக அவர் முகத்தில் ஏறியது. நான் கலையரசியின் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று ஃப்ளெக்ஸைப் பார்த்து நானும் அப்படித்தான் நினைத்தேன், குடையைச் சுற்றிப் போய்ப் படித்த பிறகுதான் தெரிந்தது என்று முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் எழுந்து நின்றார்.

“முருகண்ணா!”

தேங்காய் மூட்டையோடு முருகன் வந்தார்.

“நான் சொன்னனா இல்லியா? யூனிஃபார்ம் போட்டோ வேணாம்னு சொன்னனா இல்லியா? வேட்டி சட்டைல ஒரு போட்டோ கெடைக்கலயா உனக்கு? என் கல்யாண ஆல்பம் பொட்டிலதான இருக்குது?”

“யூனிஃபார்ம்ல இருந்தாதான கெத்து தங்கச்சி...”

“வெளக்கு எதுக்கு? புறா எதுக்கு?”

“அது கடக்காரன் போட்டது. போன மாசம் அணிலாடில ஒரு மில்ட்ரிக்காரருக்கு அடிச்ச டிசைன் கையில இருந்துச்சாம். கலர் நல்லாருந்துச்சு. மூஞ்ச மட்டும் மாத்துன்னேன்.”

சுமதி, அழுதுகொண்டிருந்த அதே வாயால், “உம் மூஞ்ச மாத்தணும்யா மொதல்ல” என்றார். கலையரசி சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை. நடுவில் எங்கோ அது அழுகையாக மாறியது. எந்த இடத்தில் என்று நான் பக்கத்தில் இருந்தும் சொல்ல முடியாது.

காலை 9.10

சுபேதார் போக மறுத்துவிட்டார். இன்னொன்றையும் தலைகுனிந்தபடியே ஒப்புக்கொண்டார். முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று மாலையே, பஸ்ஸிலிருந்து எடுத்த ஏழுமலையின் படத்தைப் போட்டு, வீரவணக்கம் என்று எழுதியிருந்தார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்திருந்தன.

“தப்புப் பண்ணவன் நான். அவன் உசுரோட இருக்கறான்னு அவன் வாயால நீங்க கேக்கறவரைக்கும் இந்த எடத்த விட்டு நகரமாட்டேன்.”

“மொதல்ல அந்த மாலையத் தூரப் போடுங்கய்யா” என்றார் சுமதி.

எங்கே போடுவது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. செத்தவருக்கென்று வாங்கியது, சாமிக்குப் போட முடியாது. உயிரோடிருப்பவர் வீட்டில் வைக்கவும் முடியாது. குப்பையில் எறியலாம் என்று முருகன் சொன்னதற்குச் சுபேதார், “சோல்ஜருக்குன்னு வாங்கனது, குப்பையா?” என்று கோபித்துக்கொண்டார். மொபெட்டிலேயே மாட்டி வைத்தார்கள். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு ஆடு வந்து, சாமந்தியைப் பாதிக்குமேல் தின்றுவிட்டு, நாரை விட்டுவிட்டுப் போனது. யாரும் விரட்டவில்லை.

சுபேதார் ஒரு பழைய டைரியை எடுத்தார். ராணுவத்துக்கென்று தனித் தொலைபேசி இணைப்புகள் உண்டு. ஒரு நிலையத்தில் இருப்பவர் அடுத்த நிலையத்துக்குத் தொடுப்பார். அதில் வேலை பார்த்தவர் இவர். சென்னையில் இருந்த தன் பழைய நண்பரைப் பிடித்தார். நண்பர் இன்னொருவரைப் பிடித்தார். “ஆள் இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லு” என்ற கேள்வி, இந்தியிலும் தமிழிலும் இரைச்சலிலுமாக, கிழக்கே போய்க்கொண்டே இருந்தது.

மதியம் கலையரசி அவருக்குச் சோறு போட்டார். “சாப்டுங்கய்யா. நீங்க பட்டினி கெடந்தா அவரு போன் பண்ணப் போறாரா?” அவர் சாப்பிட்டார். வத்தக்குழம்பு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

அப்போதுதான் சுமதி பேச்சை எடுத்தார். “அண்ணி, நாளைக்கு வேணாம். அண்ணன் வரட்டும். மூணாந்தபா தள்ளிட்டா ஒண்ணும் ஆயிடாது.”

“பந்தலுக்குச் சொல்லியாச்சு. ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு” என்றார் முருகன்.

“யாரு மடில உக்கார வெப்ப? உம் மடிலயா?”

“தங்கச்சி உக்காரட்டும். அத்ததான?”

கலையரசி சட்டென்று திரும்பினார். “நான் மாட்டேன். அவரு உசுரோட இருக்கும்போது அவரு எடத்துல நான் எதுக்கு உக்காரணும்? காலைலதான் ஒருத்தரு மாலையோட வந்து நின்னாரு. நாளைக்கு நான் வேற போயி அவரு எடத்துல உக்காரணுமா?”

சுபேதார் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டலம் என் பையில் இருந்தது. விழா நாளில் கொடுக்கச் சொன்னவரின் வார்த்தையைக் காப்பதா என்று அன்று பிற்பகல் முழுவதும் யோசித்தேன். அன்று அதை எடுத்திருந்தால் அந்த வீடு அதை எப்படிப் படித்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எடுக்கவில்லை.

மாலை 4.40

அரிசி டிரம்மின் மேல் அலைபேசி அடித்தது. எண்ணுக்குப் பதில் பாதி இலக்கங்களும் பாதி பூஜ்யங்களும். கலையரசி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

“ஹலோ. நான்தான்.”

சுமதி குழந்தையோடு ஓடிவந்தார்.

“ஹலோ? கலை? மூணு நிமிஷந்தான் குடுத்திருக்காங்க. நான் செத்துட்டேனாமே?”

“யார்யா சொன்னது?”

“பட்டாலியன்ல போன் மேல போன் வருதாம். சாஹிப் என்ன வரச் சொல்லி, ‘ஏழுமலை, நீ இருக்கறியா’ன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“இருக்கறேன் சார்ன்னேன்.”

முருகன் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். ஏழுமலை வேகமாகச் சொன்னார். போன சனிக்கிழமை பக்கத்துக் கிராமத்தில் தகராறு. சாலையை மூடிவிட்டார்கள். எல்லோருக்கும் விடுப்பு ரத்து. மேட்டுக்குப் போக யாருக்கும் அனுமதி இல்லை. “எங்க போஸ்ட்டுக்கு ஒண்ணுமில்ல. நான் ஓகே.”

“ஓகேன்னு சொல்லாத” என்றார் கலையரசி.

“சரி. காலு ரெண்டும் வீங்கிக்கெடக்குது. சளி. வேற ஒண்ணுமில்ல. மல்லாட்ட காஞ்சிடுச்சா?”

“காஞ்சிடுச்சு. மூட்ட கட்னாச்சு.”

“மழ வரும்னாங்களே?”

“வரல.”

சுமதி முன்னால் வந்தார். “அண்ணா, நீ இல்லாம வேணாண்ணா. தள்ளி வச்சிடறேன்.”

“தள்ளாத சுமதி. இங்க எப்போ தொறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. கொழந்தைக்குக் காது தடிச்சிடும். நாளைக்கே நடத்து.”

“யாரு மடிலண்ணா?”

அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. மூன்று நிமிடம் முடிந்திருந்தது. ராணுவத்தில் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம்தான் என்று சுபேதார் சொன்னார். பிறகு எழுந்து, பதக்கங்களைச் சரிசெய்துகொண்டு, அலைபேசி இருந்த டிரம்மைப் பார்த்து சல்யூட் அடித்தார். மொபெட்டை உதைக்கும் முன் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். என்னிடம் காட்டினார். “நாயக் ஏழுமலை உயிருடன் உள்ளார். வீரவணக்கத்தை வாபஸ் பெறவும்.”

ஞாயிறு, காலை 7.30

செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். அமாவாசைக்குச் சிறப்புப் பேருந்துகள். தலைக்கு முப்பது ரூபாய் வாங்கினார்கள். நாங்கள் முருகனின் லோடு வண்டியில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து போனோம். இருபத்திரண்டு பேர், இரண்டு அண்டா, ஒரு வாழைத்தார். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே நெரிசல். எலுமிச்சை மாலை, மஞ்சள் புடவை, வளையல், உப்பு மிளகுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விற்கிறார்கள். கோயிலில் பிரசாதம் புற்று மண்.

யாழினிக்கு முதலில் மொட்டை அடித்தார்கள். அதற்கு மடி பிரச்சினை இல்லை, முருகனே பிடித்துக்கொண்டார். தலையில் சந்தனம் பூசி, கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் பாய் விரித்தாயிற்று. ஆசாரி கம்மலைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தாய்மாமன் யாருப்பா? உக்காருங்க.”

இருபத்திரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

நான் பையைத் திறந்து பொட்டலத்தைக் கலையரசியிடம் கொடுத்தேன். ஏழுமலை கொடுத்தது, விழா அன்று கொடுக்கச் சொன்னார், முன்னால் கொடுத்தால் நீங்கள் பயப்படுவீர்கள் என்றார், என்று மூன்றையும் சொன்னேன். காகிதத்தைப் பிரித்தார். கறுப்பும் சிவப்புமாக அகலக் கரை போட்ட கைத்தறிப் போர்வை. அங்கே நிவாரண முகாமில் இருக்கும் பெண்கள் நெய்து, சாலையோரம் விற்பது. எந்தப் பக்கத்து முகாம் என்று நான் ஏழுமலையைக் கேட்டிருந்தேன். “ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு வாங்கனேன் மேடம். மழைல நனஞ்சதுல இது ஒண்ணுதான் காஞ்சிருந்துச்சு” என்று சொல்லியிருந்தார்.

கலையரசி போர்வையை முகர்ந்து பார்த்தார். “பொக வாசன வருது” என்றார்.

“அங்க முகாம்ல, படுக்கற எடத்துலயே அடுப்பு” என்றேன்.

சுமதி குழந்தையோடு வந்து அவர் முன்னால் நின்றார். “உக்காருங்க அண்ணி.”

“நான்தான் நேத்தே...”

“எங்கண்ணன் செய்ய வேண்டிய வேலயெல்லாம் நீங்கதான் செய்யறீங்க. ஏரு ஓட்டறீங்க, நைனாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறீங்க, என் பிரசவத்துக்கு நீங்கதான் நின்னீங்க. அப்பல்லாம் யாரு எடம்னு கேட்டீங்களா? அவருதான் வெரிப்பு அனுப்பிட்டாரே. விரிச்சி உக்காருங்க, புள்ளைக்கு வெயில் படுது.”

கலையரசி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். போர்வையை நாலாக மடித்து மடியில் விரித்தார். சுமதி குழந்தையை அதன்மேல் வைத்தார். ஆசாரி வேறெதுவும் கேட்கவில்லை. வலது காது, இடது காது. யாழினி மேல்மலையனூர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். கலையரசி போர்வையின் ஒரு முனையால் அவள் முகத்தைத் துடைத்து, “மாமா வந்தா அவரு காதத் திருகிடலாம்” என்றார். அழுகை பாதியில் நின்றது. “எந்தக் காத?” என்று குழந்தை கேட்டது.

பிற்பகல் 2.45

செஞ்சி பேருந்து நிலையம். கலையரசி வழியனுப்ப வரவில்லை. மல்லாட்டை மூட்டை எடுக்க வியாபாரி வருகிற நேரம். முருகன்தான் கொண்டுவந்து விட்டார். வண்டியை ஃப்ளெக்ஸுக்கு எதிரிலேயே நிறுத்தி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.

ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொல்லிக் கலையரசி சனிக்கிழமையே உத்தரவு போட்டிருந்தார். முருகன் கழற்றவில்லை. கடைக்காரரிடம் சொல்லி ஏழுமலையின் நெஞ்சுக்குக் குறுக்கே ஓர் அகலமான மஞ்சள் பட்டையை ஒட்டியிருந்தார். எந்தக் குடையாலும் மறைக்க முடியாத உயரம். சிவப்பில், ஓரடி எழுத்துகள்: “தாய்மாமன் நலமாக உள்ளார்.” புறாவின்மேல் ஒரு பலூன் படத்தை ஒட்டியிருந்தார்கள். விளக்குகள் இருந்தன.

“ஒட்டறதுக்கு முந்நூறு வாங்கிட்டான். ஆனா கிளியரா இருக்குதுல்லக்கா?” என்றார்.

தெளிவாக இருக்கிறது என்றேன்.

சென்னை வண்டியில் நடத்துநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. வண்டி நகரும்போது அவர் அதைச் சத்தமாகப் படித்தார். “நலமாக உள்ளார். நல்லா இருக்கட்டும்பா, எவனோ” என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்களும் படித்தார்கள். பெரிய எழுத்து எதையும் மனிதர்கள் படிக்காமல் விடுவதில்லை.

அந்த எல்லை மாநிலத்தில், ஏழுமலையின் சாவடிக்கு இரு பக்கமும், ஊர் முனைகளில் இதே அளவில் பலகைகள் உண்டு. ஒரு பக்கத்தில் ஒரு சமூகத்தின் முகங்கள், மறுபக்கத்தில் மற்றதன் முகங்கள், வரிசையாக. கல்யாணத்துக்கு எடுத்த படங்கள், கல்லூரி அட்டையில் இருந்த படங்கள். அங்கே இருந்த பன்னிரண்டு நாளில் அவற்றில் பலவற்றின் கீழே நின்று பெயர்களைக் குறிப்பெடுத்தேன். முருகன் ஒட்டியதைப் போன்ற ஒரு மஞ்சள் பட்டையை அங்கே எந்தப் பலகையிலும் ஒட்ட வழியில்லை.

மேல்பேட்டை அருகே அலைபேசி அதிர்ந்தது. கலையரசி. “இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான, ஏழு மணிக்குக் கூப்புடறாரான்னு பாக்கறேன்கா. பேசனா ஒடனே சொல்றேன்.”

மணி மூன்று ஐந்து. ஏழு மணிக்கு நான் சென்னையில் இருப்பேன். அலைபேசியை எங்கே வைத்தால் நன்றாக எடுக்கும் என்று, என் வீட்டின் மூலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.